பகுதியைத் தாண்டி வாசித்தவள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தெருமுனையிலுள்ள ஒரு வீட்டில் கூடி வேதம் படித்த பெண்களைப் பற்றி எனக்கு அன்றும் நல்ல அபிப்பிராயம் கிடையாது, இன்றும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, சபைப் பெண்களைப் பற்றி இப்படி எழுதலாமா, நீயும் ஞானஸ்நானம் பெற்றவள்தானே என்று கேட்க வேண்டாம். பெற்றவள்தான். பாளையங்கோட்டையில் எங்கள் குடும்பம் நாலைந்து தலைமுறையாக ஒரே கோயிலில்தான் முழங்கால் போடுகிறது. வெளியாளாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

கூட்டம் நடந்தது பெரிய டீச்சர் வீட்டில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எங்களில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர். வேலையில் இருந்தபோது பிள்ளைகளை எந்தக் குரலில் அடக்கினாரோ அதே குரலில் இப்போது பரிசுத்த ஆவியானவரையும் அடக்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரத்துக்கான வேதப்பகுதியை அனுப்புவார். தினமும் விடியற்காலையில் ஒவ்வொருத்தியும் தனியாக உட்கார்ந்து அதைத் தியானிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வந்து, "கர்த்தர் எனக்குக் கொடுத்தது" என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிறகு காப்பி, உளுந்தவடை.

இதில் ஒரு சட்டம் உண்டு. இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்தபோது அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும்படி கட்டளை. ஆசைப்பட்டுக் கூடுதலாக எடுத்து வைத்தவன் வீட்டில் மறுநாள் அது புழுத்து நாறியது. பெரிய டீச்சர் இதிலிருந்து கண்டுபிடித்தது என்னவென்றால், கொடுத்த பகுதியைத் தாண்டி ஒரு வசனம்கூட வாசிக்கக் கூடாது என்பது.

"இந்த வாரத்துக்குக் கர்த்தர் இவ்வளவுதான் தந்திருக்காரு. தாண்டிப் போனா புழுத்துப்போவும், கேட்டியளா?" என்பார்.

கர்த்தர் எங்கே தந்தார், நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். சுற்றி இருந்தவர்களைப் பார்ப்பேன். பட்டம் படித்தவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்பவர்கள். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வசனத்தைப் படித்தால் வேதம் கெட்டுப்போகும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் வேறெங்கும் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வண்ணப் பேனா வேறு. ஆண்டவர் தருவேன் என்ற வாக்குத்தத்தத்துக்குப் பச்சை, எச்சரிப்புக்குச் சிவப்பு, ஜெபத்துக்கு நீலம், மிச்சத்துக்கு மஞ்சள். வங்கிக்காரி ஒருத்தியின் வேதத்தைப் புரட்டினேன். பச்சையாகவே இருந்தது. எச்சரிப்பு என்று அவளுக்கு அந்தப் புத்தகம் முழுவதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நான் பாடம் எடுக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தை இப்படிக் கிறுக்கினால் நான் வெளியே நிறுத்துவேன். தியானம் முடிந்ததும் திறந்த வேதம், பக்கத்தில் காப்பி டம்ளர், மடக்கி வைத்த மூக்குக்கண்ணாடி, எல்லாம் சேர்த்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்ன ஆண்டவருக்கு நல்ல மரியாதை.

எல்லாவற்றையும் விட எனக்குக் குமட்டியது ஜெபக்குறிப்பு. ஊர்வம்பு பேசுவது பாவம் என்று சிறு வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் இவர்கள் அதை ஜெபமாக மாற்றிக்கொண்டார்கள். "ஜெபத்துக்காகத்தான் சொல்லுதேன்" என்று ஒருத்தி குரலைத் தாழ்த்தினால் போதும், மற்றவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்கள். யார் மகன் குடிக்கிறான், யார் மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள், யாருக்கு எந்த மாத்திரை, எல்லாம் அங்கே பாரத்தோடு பகிரப்படும். பிறகு கண்ணை மூடி, அதே விவரங்களை ஆண்டவருக்கும் ஒரு தடவை சொல்லுவார்கள்.

அப்படியென்றால் நீ ஏன் போனாய் என்று கேட்கலாம். என் தங்கைக்காகப் போனேன்.

அவள் வீட்டுக்காரர் வள்ளியூரில் கடை வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஒரே மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் போய்த் தங்கையைக் கூட்டிவந்து எங்கள் மாடியில் குடிவைத்தோம். பக்கத்து நர்சரிப் பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலையும் கிடைத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த முதல் மாதங்களில் இந்தப் பெண்கள் தினமும் வந்தார்கள். ஒருத்தி இடியாப்பம் கொண்டுவருவாள், ஒருத்தி கஞ்சி கொண்டுவருவாள், அவள் சாப்பிடும் வரை பக்கத்தில் இருப்பார்கள். பெரிய டீச்சர் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வேதத்திலிருந்து சங்கீதம் வாசித்ததை நானே பார்த்திருக்கிறேன். அழுகிற விதவை என்றால் அவர்களுக்கு உயிர். சிரிக்கிற விதவைதான் ஆகவில்லை. அது பிறகுதான் தெரிந்தது.

தங்கை அங்கே போகத் தொடங்கினாள். துணைக்கு நானும் போனேன். அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே வேதத்தைப் படித்தது அவள் ஒருத்திதான் என்று நான் அடித்துச் சொல்லுவேன். பேனாவும் கிடையாது, படமும் கிடையாது. காலையில் அடுப்பில் உலை வைத்துவிட்டு, சமையல்கட்டு மேடையில் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றபடியே வாசிப்பாள். சில நாள் வாசித்துக்கொண்டே, "இது என்ன நியாயம்?" என்று கோபப்படுவாள். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமைக்காக அவள் காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். மூன்று வருடத்தில் அவளைத் திரும்ப நிமிர்த்தியது அந்த வாசிப்புதான். எனக்கு அது பிடிக்காவிட்டாலும் அதுதான் நடந்தது.

போன வருடம் அறுப்பின் பண்டிகைக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர் வாழைத்தார் கொண்டுவந்திருந்தார். அவருக்கு அங்கே அணைக்கட்டுப் பக்கம் தோட்டம், ஊருக்குள் ஒரு உரக்கடை. இறந்துபோன அவர் மனைவி எங்கள் சபையில் வளர்ந்தவள், அதனால் வருடம் தவறாமல் எங்கள் கோயிலுக்குத் தார் கொடுப்பார். ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். கோழி, பூசணி, தேங்காய் எல்லாம் போய்க் கடைசியாக ஒரு தார் நின்றது. என் தங்கை கேட்டாள். வங்கிக்காரி போட்டிக்கு ஏற்றினாள். தங்கை மேலே ஏற்றினாள். அப்போது இந்த மனிதர் கூட்டத்துக்குள் நுழைந்து அவள் பக்கத்தில் வந்தார்.

"நீங்க மேல ஏத்தாதிய. அது எங்க தோட்டத்துத் தார்தான். அடிச் சீப்பெல்லாம் வெம்பல்" என்றார்.

"கோயிலுக்கு வெம்பலையா குடுத்திய?" என்றாள் இவள்.

"மத்த ரெண்டும் நல்ல தாரு. அது வித்துப்போச்சு."

என் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருடமாக நான் கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு தடவை ஏற்றி அந்தத் தாரை வாங்கிவிட்டாள். அதில் தேறியதை ஒரு வாரம் பொரியல் வைத்துச் சாப்பிட்டோம்.

அதன்பிறகு அவர் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வரும்போது உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவருவார், அவள் கருப்பட்டிக் காப்பிதான் குடிப்பாள் என்று எப்படியோ தெரிந்துவைத்திருந்தார். முன்வாசல் வழியாக வந்து, வாசலில் எல்லோரும் பார்க்கும்படி பைக்கை நிறுத்தி, எங்கள் முன்னறையில் என் வீட்டுக்காரருக்கு எதிரில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். ஒளிவுமறைவு அந்த மனிதருக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் இருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, எனக்குச் சுத்தி வளைச்சிப் பேசத் தெரியாது. எனக்கு அம்பத்திரண்டு வயசு. மகளக் கட்டிக்குடுத்தாச்சு. சோறு பொங்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும், அதுக்காக ஆளு தேடல. தனியா உக்காந்து சாப்பிட முடியல, அவ்வளவுதான். இவியளுக்குச் சம்மதம்னா நான் கட்டிக்கிடுதேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் முகம் சிவந்து போயிருந்தது. "எனக்குக் கொஞ்சம் டயம் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் மாடியில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடிப்பது கேட்டது. நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜெபக்குறிப்பு வந்தது. தங்கைக்குக் காய்ச்சல், நான் மட்டும் போயிருந்தேன். வங்கிக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"நம்ம சகோதரி ஒருத்திக்காக ஜெபிக்கணும். பேரு வேண்டாம். சனிக்கெழமையானா வாசல்ல ஒரு பைக்கு நிக்கிதாம். ஜெபத்துக்காகத்தான் சொல்லுதேன்."

பேர் வேண்டாமாம். அந்தத் தெருவில் சனிக்கிழமை பைக் நிற்கிற ஒரே வாசல் என்னுடையது. நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே கண்ணை மூடி, என் தங்கையைச் சத்துருவின் கண்ணியிலிருந்து விடுவிக்கும்படி ஆளுக்கு ஆள் வேண்டிக்கொண்டார்கள். ஆமென் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று வடையும் தின்னவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கையாண்ட வழியை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு வார்த்தை திட்டவில்லை. தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பதவி கொடுத்தார்.

"நம்ம சேகரத்துல விதவைகளுக்குன்னு ஒரு ஜெபக்குழு ஆரம்பிக்கப் போறோம். நீதான் தாயி தலைமை தாங்கணும். உனக்குள்ள வசன தாகம் யாருக்கு இருக்கு, சொல்லு. வார மாசம் அசனத்தன்னைக்கு ஐயர் ஆராதனையில உன் பேரச் சொல்லிப் பிரதிஷ்டை பண்ணுவாவ."

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றும், ஒரு போதகரின் கீழுள்ள சபைகளைச் சேகரம் என்றும்தான் சொல்லுவோம். அசனம் என்பது கோயிலில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் பண்டிகை. அத்தனை பேர் முன்னால், இந்த விதவை இனிமேல் கடைசிவரை விதவையாகவே இருப்பாள் என்று பீடத்தில் நிறுத்திச் சொல்லிவிட்டால், பிறகு எந்த ஐயர் அவளுக்குக் கல்யாணம் செய்துவைப்பார்? விலங்கைக் கொண்டுவந்து வளையல் என்று சொல்லிப் போட்டுவிடப் பார்த்தார். என் தங்கை, "யோசிச்சிச் சொல்லுதேன் டீச்சர்" என்றாள்.

டீச்சர் அதோடு விடவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டு அவள் மகளிடமும் பாரத்தைப் பகிர்ந்திருக்கிறார். அந்தப் பெண் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, "எல்லாரும் என்னம்மா இப்பிடிப் பேசுதாங்க" என்றுதான் கேட்டாள். ஆனால் பெற்றவளுக்கு அது போதும். நான் ஐயரைப் போய்ப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். அதைப் பற்றிக் கேட்டேன்.

"சட்டப்படி ஒண்ணும் தடையில்லம்மா. ஆனா பெரிய டீச்சர் ஒரு வார்த்த சரின்னுட்டா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார். வெள்ளை அங்கி போட்டு நிற்கிற ஆண்பிள்ளைக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியையிடம் அவ்வளவு பயம்.

அந்த வாரம் தங்கை ஸ்ரீவைகுண்டத்துக்காரரிடம் சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சரியாகச் சாப்பிடவில்லை. மாடியில் பாட்டுச் சத்தம் நின்றுபோயிற்று. இன்னும் முப்பது வருடம் இருக்கிற ஒரு மனுஷி, உளுந்தவடைக் கூட்டத்துக்குப் பயந்து தன் வாழ்க்கையை மடித்து வைக்கப் போகிறாள் என்று நான் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அப்போது, அவள் அவரைக் கட்டுவாளா மாட்டாளா என்ற ஒரு கேள்விதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னதாகவே, வியாழக்கிழமையன்று, வழக்கத்துக்கு மாறாக வாட்ஸ்அப்பில் பகுதி வந்தது. சபையை எப்படி நடத்த வேண்டும் என்று அப்போஸ்தலர் ஒரு இளம் ஊழியருக்கு எழுதிய நிருபம். அதில் விதவைகளைப் பற்றிய அதிகாரம். துணையில்லாமல் தனித்திருக்கும் உண்மையான விதவை இரவும் பகலும் ஜெபத்தில் நிலைத்திருப்பாள், சுகபோகமாக வாழ்கிறவளோ உயிரோடிருந்தும் செத்தவள் என்று வருகிற இடம். அதோடு பகுதி முடிந்தது. கீழே கைகூப்பிய படம் ஒன்று, பூ ஒன்று.

அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. போனில் வேதாகமச் செயலியில் விதவை என்று தட்டி, வந்த வசனங்களையெல்லாம் ஒன்றொன்றாகப் பார்த்து, மறுமணத்துக்குச் சாதகமானதை ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தங்கை பள்ளி விட்டு நேரம் கழித்து வந்தாள். நான் எழுதி வைத்ததை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"எக்கா, நீ இந்த நிருபத்த மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சிருக்கியா?"

"அதெல்லாம் எதுக்குட்டி? வேண்டியதுதான் இதுல இருக்கே."

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். மறுநாள் காலை சமையல்கட்டில் நின்று அந்த நிருபத்தை முழுக்க வாசித்தாள். உலை பொங்கி வழிந்ததை நான்தான் போய் இறக்கினேன்.

செவ்வாய்க்கிழமை பெரிய டீச்சர் வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. வராதவர்கள்கூட வந்திருந்தார்கள், ஒருத்தி தன் நாத்தனாரையும் கூட்டிவந்திருந்தாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். விதவைக்கோலம் ஒரு கிரீடம் என்று ஒருத்திக்குக் கர்த்தர் கொடுத்தாராம். அவள் புருஷன் வெளியே காரில் உட்கார்ந்து இவளைக் கூட்டிப்போகக் காத்திருந்தார். தனிமை ஒரு ஆசீர்வாதம் என்று வங்கிக்காரி சொன்னாள். தனியாக ஒரு நாள் சினிமாவுக்குக்கூடப் போய் அறியாதவள். பிறகு எல்லோரும் என் தங்கையைப் பார்த்தார்கள்.

"டீச்சர், நான் பகுதியத் தாண்டி வாசிச்சிட்டேன்" என்றாள் அவள்.

யாரோ டம்ளரைப் பையக் கீழே வைத்தார்கள்.

"அந்தப் பகுதிக்கு அடுத்தாப்ல என்ன இருக்குன்னா, அறுபது வயசுக்குக் கொறஞ்சவள விதவைகள் கூட்டத்துல சேக்கவே கூடாதுன்னு இருக்கு. எனக்கு நாப்பத்தாறு. அதனால நீங்க சொன்ன குழுவுல என்னச் சேக்க முடியாது டீச்சர். அதுக்கும் கீழ வாங்க. எளவயசு விதவைங்க கல்யாணம் பண்ணணும், வீட்ட நடத்தணும்னு அப்போஸ்தலரே எழுதுதாரு. அதுக்கு ஒரு வசனத்துக்கு முந்தி, வீடு வீடாப் போயி வம்பளக்கதப் பத்தியும் எழுதியிருக்காரு. அத நான் வாசிக்கல. நீங்களே பாத்துக்கிடுங்க."

இரண்டு மூன்று பேர் பக்கத்தைத் திருப்பினார்கள். மன்னா புழுக்கவில்லை. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது அந்தக் காலத்து எபேசு ஊர்ச் சபைக்குன்னு எழுதுனது. அங்க உள்ள சூழ்நில வேற. நம்ம கலாச்சாரம் வேற" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே அதிகாரத்தில் மேலே இருக்கிற வசனம் பாளையங்கோட்டைக்காம், கீழே இருக்கிறது எபேசுக்காம். நடுவில் எங்கே எல்லைக்கல் நட்டிருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர் பழைய வகுப்பறைக் குரலில், "அப்போ வேதந்தான் உன்னக் கல்யாணம் பண்ணச் சொல்லுதோ?" என்று என் தங்கையைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லுட்டி, சொல்லிவிடு, வாயடைத்துப் போகட்டும் என்று நான் மனதுக்குள் கத்தினேன். அவள் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"இல்ல டீச்சர். நான் வெள்ளிக்கெழமையே பள்ளிக்கூடம் விட்டு வார வழியில அவியட்ட சரின்னு சொல்லிட்டேன். சொன்னதுக்குப் பொறவுதான் இத வாசிச்சேன். வேதம் சொல்லுதுன்னு நான் கட்டல. எனக்கு அவியளப் புடிச்சிருக்கு, அதுக்காகக் கட்டுதேன். நீங்களும் எனக்கு எது நல்லதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான பகுதி அனுப்புனிய. எங்கக்கா நான் கட்டணும்னு முடிவு பண்ணிட்டு வசனம் பொறுக்குனா. நம்ம இத்தன பேருல ஒருத்தராவது என்ன சொல்லுதுன்னு கேக்கதுக்காக வேதத்தத் தொறந்தமா?"

என் பையில் மடித்து வைத்திருந்த அந்த வினாத்தாள் எனக்கு உறுத்தியது. அவள் எழுந்தாள். பெரிய டீச்சர் முன்னால் போய், "வாரேன் டீச்சர்" என்று கைகூப்பினாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையை மடியில் வைத்துச் சங்கீதம் வாசித்த அதே மனுஷி.

தெருவில் நடந்து வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "நல்லாக் குடுத்தட்டி! மூஞ்சியப் பாத்தியா ஒவ்வொண்ணுக்கும்? சவங்க, இனி வாயத் தொறக்காதுக" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

"நான் சண்ட போடவா போனேன்? சரின்னு சொல்லிட்டேன், நீங்களும் எங்கூட இருங்கன்னு கேக்கத்தான் போனேன். கேக்கதுக்குள்ள இப்பிடி ஆயிப்போச்சு. மூணு வருசமா அவியகூடத்தான வாசிச்சேன். இனி யார்கூடக்கா வாசிக்க?"

எனக்கு அந்தப் பெண்களைத் திட்டத் தெரியும். இதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஐயர் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஓலை வாசித்தார். முதல் வாரம் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்வரிசையில் இருந்த பெரிய டீச்சரைப் பார்த்துத்தான் வாசித்தார். தடை சொல்ல ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தடைக்கு வேதத்தில் இடமில்லை என்று தெரிந்துபோன பிறகு எழுந்து சொல்ல அவர்களுக்கு வாயில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் தங்கையை நீக்கிவிட்டார்கள். என்னை நீக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பகுதி இன்னும் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

கல்யாணத்துக்குச் சொல்ல அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போனாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வெற்றிலைத்தட்டோடு படியேறிப் போய், பெரிய டீச்சர் வீட்டில் அரைமணி நேரம் காத்திருந்து, "அவசியம் வரணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கல்யாணம் மாப்பிள்ளை ஊர்க் கோயிலில். ஸ்ரீவைகுண்டம் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோயிலில் பெண்கள் பக்கம் முன்னால் இரண்டு பெஞ்சை அவர்களுக்காக ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தாள். உறவுக்காரர்கள் இடமில்லாமல் பின்னால் நின்றார்கள், அந்தப் பெஞ்சில் ஒருவரையும் உட்கார விடவில்லை.

ஒருத்தியும் வரவில்லை. பெங்களூரிலிருந்து மகள் வந்து அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டாள். மாப்பிள்ளை புது வேட்டியில் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், அவளை நன்றாக வைத்திருக்கிறார், இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண்களை நான் மன்னிக்கவில்லை. என் தங்கை மன்னித்துவிட்டாள், என்னையும் மன்னிக்கச் சொல்லி அடிக்கடி போனில் சொல்லுகிறாள். என்னால் முடியாது. நான் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தாலி கழுத்தில் ஏறும் அந்த நேரத்திலும் அவள் கோயில் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.